ஆர் சொன்னது?

ஐஸ் தொழிற்சாலையில் அவருக்கு நாங்கள் வைத்த பட்டம் 'ஆர்சொன்னது'. "ஆர்சொன்னது வாறார், கதையை நிப்பாட்டுங்கோ" என்று யாராவது கிசுகிசுத்தால் போதும், தேத்தண்ணிக் கோப்பைகளோடு நின்ற கூட்டம் கலைந்துவிடும். அவருடைய உண்மையான பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதியிருந்தால் அவருக்குப் பிடித்திருக்கும். பெயர் சொல்லாமல் சொல்கிற எதையும் அவர் காதில் வாங்கமாட்டார். ஆனால் ஆள் இப்போது எங்கே இருக்கிறார் என்றே தெரியாதபோது அவருடைய பெயரை ஊருக்குள் அவிழ்த்துவிட எனக்குத் துணிவு வரவில்லை. அந்தப் பயம் எங்கள் வீட்டில் பிறந்து வளர்ந்த பயம். அதைப் பிறகு சொல்கிறேன்.

மயிலிட்டித் துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கிறது தொழிற்சாலை. வள்ளங்களுக்கும், மீன் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகும் கூலர் வாகனங்களுக்கும் ஐஸ் கொடுப்பது எங்கள் வேலை. நான் அலுவலக அறையில் பில் போடுகிறவள். என் தம்பி சுதன் உள்ளே, மெசின் பக்கம். அவர் சுப்பவைசராக வந்து சேர்ந்த முதல் நாளே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. காரணம் சொன்னால் சிரிப்பீர்கள்: செருப்பு. நாங்கள் எல்லோரும் வாசலில் செருப்பைக் கழற்றிய வாக்கிலேயே விட்டுவிட்டு வருவோம். அவர் குனிந்து, இரண்டையும் சோடியாகச் சேர்த்து, நுனி வெளியே பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டு வந்தார். எந்த நேரமும் எழும்பி ஓட ஆயத்தமாக இருக்கிற ஆள்தான் அப்படி வைப்பான் என்று எனக்குப் பட்டது. நான் லேசில் ஒருவரையும் நம்புகிற ஆள் இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அவர் வருவதற்கு முன் எங்கள் வேலை காற்றில் நடந்தது. 'கூலர் வருதாம்.' 'இண்டைக்கு ஐஸைக் குறைக்கட்டாம்.' 'முன் கேற்றைப் பூட்டச் சொன்னவை.' சொன்னவர்கள் யார் என்று சொல்கிறவரும் சொல்லமாட்டார், கேட்கிறவரும் கேட்கமாட்டார். அதைச் சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். செய்தியை வாங்கு, கொடு, யாரிடம் வாங்கினாய் என்பதை மறந்துவிடு என்று பழகித்தான் எங்கள் பக்கத்தில் பலர் உயிரோடு மிஞ்சினார்கள். சண்டை முடிந்து, ஆமி பிடித்திருந்த காணி விடுபட்டு, ஊர் திரும்பி, வீடு கட்டி, கைத்தொலைபேசியும் வாங்கியாயிற்று. ஆனால் பழக்கம் மட்டும் போகவில்லை. 'சொன்னவை' என்றால் சொன்னவை. அதற்கு மேல் துருவுகிறவனை ஊர் ஒரு மாதிரித்தான் பார்க்கும்.

இப்படிச் செய்தி காவுவதில் எங்களுக்குள் மன்னன் ராசன் மாமா. ஐஸ் கட்டிகளைக் கொளுக்கி போட்டு இழுத்து வாகனத்தில் ஏற்றுகிறவர், அப்பாவின் சிநேகிதர். கேற்றில் கேட்டதை மெசினடிக்கும், மெசினடியில் கேட்டதை என் மேசைக்கும் கொண்டுவந்து சேர்ப்பார். நல்ல மனிசன். கிழமை தவறாமல் ஒரு பையில் மீன் கொண்டுவந்து எங்கள் வீட்டுப் படலையில் கொழுவிவிட்டு, அம்மா வெளியே வருவதற்கு முன் சைக்கிளை மிதித்துவிடுவார். இந்த மனிசனுக்கு இவ்வளவு கூச்சமா என்று நான் நினைப்பதுண்டு.

புதிதாக வந்தவர் இரண்டாம் நாளே ராசன் மாமாவை மறித்தார். மாமா வழக்கம்போல "இண்டைக்கு ரெண்டு கூலர் கூட வருமாம்" என்றார். "ஆர் சொன்னது?" என்று கேட்டார் அவர். "சொன்னவை" என்றார் மாமா. "அவை எண்டால் ஆர், அண்ணை?" மாமா அவரையும் எங்களையும் மாறிமாறிப் பார்த்தார். அந்தக் கேள்வியை நாங்கள் கேட்டிருந்தது வேறு இடங்களில், சீருடை போட்டவர்களின் வாயில். என் கையில் இருந்த பேனை அப்படியே நின்றது எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

பிறகு வட்சப் குழுவிலும் தொடங்கினார். அங்கே அதுவரை கோயில் படங்களும், காலை வணக்கமும், எங்கிருந்தோ வந்து விழுந்த செய்திகளும்தான் கிடந்தன. அவர் எழுதுவது வேறு மாதிரி இருக்கும். "நாளை விடிய ஆறு மணிக்கு மூன்று வள்ளங்களுக்கு ஐஸ் வேண்டும். கேட்டவர் மீன்பிடிச் சங்கத் தலைவர். என்னிடம் நேரில் கேட்டார். நான் சொல்கிறேன்." கீழே தன்னுடைய பெயர். மேலேதான் பெயர் தானாக வருகிறதே, பிறகு ஏன் கீழேயும் என்று சுதன் கேட்டதற்கு, "அது போன் போடுற பெயர். இது நான் போடுற பெயர்" என்றாராம். யாராவது 'சரி' என்று பதில் போட்டால் விடமாட்டார். "எதுக்குச் சரி? விளங்கினதை எழுதுங்கோ" என்று மறுமொழி வரும். 'ம்' போட்டாலும் அதேதான். கையெடுத்துக் கும்பிடுகிற படம் போட்டாலும் அதேதான். துப்புரவு வேலை செய்த அன்ரி ஒரு பின்னேரம் குழுவை விட்டே வெளியேறிவிட்டா. பிள்ளை பெறப்போன ஆஸ்பத்திரியிலும் இவ்வளவு கேள்வி தன்னிடம் கேட்கவில்லை என்று ஒரு மாதம் சொல்லித் திரிந்தா.

ஒருமுறை அவருடைய கேள்வியால் நன்மை நடந்ததையும் ஒளிக்கக் கூடாது. நாளைக்கு முழுநாளும் கரண்ட் இல்லையாம் என்று ஒரு கதை பரவியது. ஐஸ் கரைந்துவிடும், கிடைத்த விலைக்குத் தள்ளுவோம் என்று முதலாளி வரைக்கும் பதகளிப்பு. இவர் மட்டும் ஆர் சொன்னது, ஆர் சொன்னது என்று ஒவ்வொருவராகப் பின்னால் போனார். கடைசியில் அது மருதனார்மடத்து ஆஞ்சநேயர் கோயிலில் யாரோ இரண்டு பேர் வேறு ஏதோ ஊரைப் பற்றிக் கதைத்ததில் போய் முடிந்தது. கரண்ட் நிற்கவேயில்லை. முதலாளி எல்லோர் முன்னாலும் அவரைப் புகழ்ந்தார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இந்த மனிசன் ஒரு கதையை அதன் வேர் வரை தோண்டிக்கொண்டு போகிறானே, இந்தத் தொழிலை எங்கே படித்தான் என்றுதான் நினைத்தேன்.

அதைப் பற்றி ஊருக்குள் பல கதைகள் ஓடின. வெளிநாட்டுக் கப்பலில் சுக்கான் பிடித்தவர், கப்பலில் கப்டன் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், அந்தப் பழக்கம்தான் என்றார்கள் சிலர். இல்லை, முந்தி எங்கேயோ வோக்கிரோக்கியோடு இருந்தவர் என்றார்கள் வேறு சிலர். சாதாரண உடுப்பில் மோட்டார் சைக்கிளில் வந்து பெயர் பதிந்துகொண்டு போகிற சிஐடிக்காரரின் ஆள் என்பதுதான் எனக்குப் பொருத்தமாகத் தெரிந்தது. ராசன் மாமா ஒருநாள் துணிந்து, "நீங்கள் கப்பலில இருந்தனீங்களாமே?" என்று கேட்டுவிட்டார். "உங்களுக்கு ஆர் சொன்னது?" என்றார் அவர். அதோடு அந்த விசாரணை முடிந்தது.

அவர் எங்கேயாவது எழுதி வைக்கிறாரா என்றுகூடக் கவனித்தேன். கொப்பி இல்லை, துண்டுக் கடதாசி இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு கொப்பியாவது வைத்திருந்தால் திறந்து பார்த்து நிம்மதி அடைந்திருப்பேன். யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அந்தத் தலைக்குள் இருந்தது. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஏன் இவ்வளவு பயம் என்று கேட்பீர்கள். எங்கள் அப்பாவை "ஒருக்கா வரட்டாம்" என்று கூப்பிட்டுத்தான் கொண்டுபோனார்கள். மயிலிட்டியை விட்டு இடம்பெயர்ந்து மருதனார்மடத்துப் பக்கம் வாடகை வீட்டில் இருந்த காலம். ஒரு பின்னேரம், வீட்டில் கட்டியிருந்த சாரத்தோடு போனவர்தான், திரும்பி வரவில்லை. யாரோ அவருடைய பெயரைச் சொல்லிவிட்டார்கள் என்று மட்டும் பிறகு ஊர் கதைத்தது. வந்து கூப்பிட்டது யார் என்று நான் எத்தனையோ முறை அம்மாவைக் கேட்டிருக்கிறேன். "ஆரோ வந்து சொன்னவை" என்பாள். சுதன் அப்போது நடை பழகிய குழந்தை. அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு நேர்த்தி: என் தம்பியின் பெயர் யாருடைய வாய்க்கும் போகக் கூடாது. அவனைக் கொழும்புக்கு அனுப்பாமல், வெளிநாட்டுக்கு அனுப்பாமல், என் கண்முன்னால் இருக்கட்டும் என்று இந்தத் தொழிற்சாலையில் சேர்த்துவிட்டதே அதற்காகத்தான்.

அந்தத் தம்பிதான் அவரைப் போலவே மாறத் தொடங்கினான். வீட்டில் அம்மா, "நாளைக்குக் குழாய்த் தண்ணி வராதாம்" என்றால், "ஆர் சொன்னது?" என்பான். குழுவில் அவன் போடுகிற செய்திகளின் கீழும் பெயர் வரத் தொடங்கியது. சுதன். சுதன். சுதன். நான் காப்பாற்றி வைத்திருந்த பெயரை அவனே எல்லா இடத்திலும் ஒட்டிக்கொண்டு திரிந்தான்.

பொறுக்க முடியாமல் ஒரு மத்தியானம் அவர் சாப்பிட்டுக் கை கழுவுகிற இடத்துக்கே போனேன்.

"அண்ணை, என்ரை தம்பியை விட்டிடுங்கோ. அவன் ஒருத்தரின்ரை பெயரும் சொல்லத் தேவையில்லை. அவன்ரை பெயரையும் ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை."

அவர் கோபிக்கவில்லை. கையைத் துடைத்தார். பிறகு, "பெயர் இல்லாமல் ஒரு சொல்லு வந்தால், தங்கச்சி, பிறகு ஆரிட்டைப் போய்த் திருப்பிக் கேக்கிறது?" என்றார்.

அப்பாவைத் தேடி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முகாம் வாசலாக நான் நின்றது அவருக்கு எப்படித் தெரியும்? அங்கே நாங்கள் கேட்டதும் அதைத்தான். வரச் சொன்னது யார்? எங்களுக்குத் தெரியாது, நாங்கள் சொல்லவில்லை, அங்கே போய்க் கேளுங்கள் என்பார்கள். அங்கே போனால் இங்கே. அவர் எங்கள் வீட்டு விடயத்தை விசாரித்து வைத்திருக்கிறார் என்று அந்த இடத்திலேயே முடிவுகட்டினேன். அவர் முகத்தைப் பார்க்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

அதற்குச் சில நாட்கள் கழித்துத்தான் அந்தச் சம்பவம். ஐஸ் கட்டியை அரைத்துத் தூளாக்குகிற மெசின் ஒன்று இருக்கிறது. உள்ளே இரும்புப் பற்கள். அன்றைக்கு ஒரு கயிற்றுத் துண்டு அதற்குள் சிக்கிவிட்டது. வெளியே வள்ளக்காரர்கள் ஐஸுக்கு நின்றுகொண்டு சத்தம் போட்டார்கள். அவர் மெசினை நிறுத்தச் சொல்லி, சுவிச்சடியில் சுதனை நிறுத்தினார். சுவிச்சு சுவருக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து மெசின் தெரியாது. "நான் கை வைக்கப்போறன். போடு எண்டு நான் சொன்னால்தான் போடுறது. விளங்கினதைச் சொல்லு" என்றிருக்கிறார். சுதன் சொல்லியிருக்கிறான்.

கொஞ்ச நேரத்தில் ராசன் மாமா ஓடிவந்து, "தம்பி, மெசினைப் போடட்டாம், வள்ளக்காரர் நிக்கினம்" என்றார். சுப்பவைசர்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார் என்று நினைத்துச் சுதனின் கை சுவிச்சுக்குப் போய்விட்டது. போன கையோடு, பழக்கதோஷத்தில் வாய் கேட்டிருக்கிறது.

"ஆர் சொன்னது, மாமா?"

"முன் கேற்றில சொன்னவை. கெதியாப் போடு."

சுதன் போடவில்லை. சுவரைச் சுற்றிக்கொண்டு ஓடினான். சுப்பவைசருடைய வலது கை தோள்மூட்டு வரை மெசினுக்குள் இருந்தது.

அவன் என் அறைக்கு வந்து கதிரையில் விழுந்தது என் கண்ணுக்குள் நிற்கிறது. "அக்கா, போட்டிருப்பன். நான் போட்டிருப்பன்" என்றதைத் தவிர அவனுக்கு வேறு கதை வரவில்லை. அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அழுதுகொண்டே என்ன யோசித்தேன் என்பதையும் கேளுங்கள்: இவரே ராசன் மாமாவிடம் யாரையாவது கொண்டு சொல்லுவித்து, பொடியனைச் சோதித்துப் பார்த்திருப்பாரோ? தோள் வரைக்கும் கையை விட்டுக்கொண்டு யாராவது சோதனை வைப்பார்களா என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

அவர் கயிற்றுத் துண்டை எடுத்துவிட்டு வெளியே வந்து, எல்லோரும் நிற்கும்போதே ராசன் மாமாவிடம் போனார். குரலை உயர்த்தவில்லை.

"அண்ணை, போடச் சொன்னது ஆர்?"

"சொன்னவை."

"அவை எண்டால் ஆர்?"

மாமா கேற்றுப் பக்கம் பார்த்தார். கொளுக்கியை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார். கண் கலங்கிவிட்டது. அவர் யாரையோ காப்பாற்றுகிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. உண்மையாகவே அவருக்கு அந்த முகம் நினைவில் இல்லை, நினைவில் வைக்காமல் இருக்கப் பழகிய மனிசன் அவர். மூன்றாம் முறையும் அதே கேள்வி வந்தபோது என்னால் தாங்க முடியவில்லை. வயதான மனிசனை இப்படியா சபையில் வைத்து நோகடிப்பது என்று நான்தான் சத்தம் போட்டேன். எல்லோரும் என் பக்கம். ஒன்றும் நடக்கவில்லைத்தானே, விடுங்கோ என்றார்கள். அவர் என்னைப் பார்த்தார். பிறகு போய் மெசினைப் போடச் சொன்னார், தன் வாயாலே, தன் பெயரைச் சொல்லி.

அந்தக் கிழமை முடிவதற்குள் ஒருநாள் காலை வாசலில் அந்தச் செருப்புச் சோடி இல்லை. மத்தியானமும் இல்லை. போன் நிறுத்தியிருந்தது. "இனி வரவேண்டாமெண்டு சொல்லிப்போட்டினமாம்" என்றார் ராசன் மாமா தேத்தண்ணி நேரத்தில். முதலாளி என்று சிலர் நினைத்தார்கள். முதலாளி தனக்குத் தெரியாது என்றாராம். சங்கம் என்றார்கள், வள்ளக்காரர் என்றார்கள், வேறு பெரிய இடம் என்றும் மெல்லிய குரலில் சொன்னார்கள். எல்லோருக்கும் தேத்தண்ணி நல்ல ருசியாக இருந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

நான் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். ஆனால் எனக்குத் தேத்தண்ணி இறங்கவில்லை. என் தம்பி கொலைகாரனாகாமல் தப்பியது இந்த மனிசனின் அந்த நச்சரிக்கிற கேள்வியால்தானே என்று நினைக்க நினைக்க, பெயரே இல்லாத ஒரு சொல்லில் அவரை அனுப்பிவிட்டார்களே என்று ஆத்திரம் வந்தது. போனை எடுத்துக் குழுவில் எழுதினேன். "அவரை வரவேண்டாம் என்று ஆர் சொன்னது?" கீழே என் முழுப் பெயரையும் போட்டேன். எல்லோரும் பார்த்தார்கள், நீலச் சரிக்குறிகள் மட்டும் விழுந்தன.

வீட்டில் சுதன் சொல்லி அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டை அவித்துக்கொண்டு நின்றவள், "உதெல்லாம் உன்னைக் கேக்கச் சொன்னது ஆர்?" என்று என்மேல் பாய்ந்தாள்.

"ஒருத்தரும் இல்லையம்மா. நான்தான்."

அம்மா அடுப்பைக் குறைத்தாள். பிறகு, நான் கேட்காமலே சொன்னாள்.

"அண்டைக்கு அப்பாவைக் கூப்பிட வந்தது ராசன். ஒருக்கா வரட்டாம் எண்டு வந்து சொன்னவன். அவனும் பாவம், பிள்ளை. அவனுக்கு ஆரோ சொன்னவை."

படலையில் தொங்கிய மீன் பைகள் எல்லாம் எனக்கு ஒன்றாக நினைவுக்கு வந்தன. நான் ஒருவரையும் நம்பாத ஆள் என்று பெருமை பேசுகிறவள். சந்தேகப்பட்டதெல்லாம் கேள்வி கேட்டவரை. பதில் சொல்லாதவரை மாமா என்று கூப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அடுத்தநாள் காலை நான் பில்லுப் போட்டுக்கொண்டிருந்தபோது ராசன் மாமா கொளுக்கியோடு வாசலில் வந்து நின்றார். குழுவில் எழுதியதற்குத்தான் இருக்கும். என் முகத்தைப் பார்க்காமல், "பிள்ளை, உன்னை ஒருக்கா வரட்டாம்" என்றார்.

நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"ஆர் சொன்னது, மாமா?"

"சொன்னவை, பிள்ளை."

"அவை எண்டால் ஆர்? எனக்குத் தெரியவேணும், மாமா. இண்டைக்கு என்னை வரச் சொன்னதும், அண்டைக்கு அப்பாவை வரச் சொன்னதும்."

மாமா கேற்றுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கொளுக்கியைச் சுவரோரம் சாத்திவிட்டு, வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து, எனக்கு முன்னால் இருந்த கதிரையை இழுத்துப்போட்டு அதில் இருந்தார்.